கதவு இல்லாத தட்டுகள்

ஞானதாஸ் கொத்தனார் பெருநகர் என்கிற ஊரின் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்குச் சுவர் எழுப்பியவர். தன் வீட்டை முடிக்க அவருக்கு ஆறு வருஷம் ஆனது. ஏரிக்கரைக்குக் கீழே காலனியில், பழைய ஓலை வீட்டுக்குப் பக்கத்திலேயே கடைக்கால் போட்டார். மகன் ஆல்வினுக்குக் கல்யாணம் ஆன வருஷம் தளம் ஏறியது. அப்புறம் வேலை நின்றுபோய், மருமகள் ஜெனிஃபர் கம்பெனிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் பூச்சு நடந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் குடிபோய்விட வேண்டும் என்று எல்லோரும் பறந்துகொண்டிருந்தார்கள். பாக்கி இருந்தது அடுப்பங்கரை மட்டும். மேடைக்கு மேலே மூன்று தட்டு, கீழே இரண்டு தட்டு. கடப்பாக் கல்லை அறுத்து வந்து அவரே சுவரில் பதித்திருந்தார். ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவிலேயே நின்றது. அந்தத் தட்டுகளுக்குக் கதவு வைப்பதா, அப்படியே விடுவதா என்பதில்தான் வீடு ஒரு முடிவுக்கு வராமல் கிடந்தது.

உத்திரமேரூரில் அலுமினியக் கதவு செய்கிற வினோத்குமார், ஞாயிற்றுக்கிழமை இவர்கள் கோயிலிலிருந்து திரும்பிய நேரம் பார்த்து டேப்போடு வந்து நின்றான்.

"கதவு போட்ருப்பா" என்றாள் மாமியார் மலர்க்கொடி. "பல்லி எச்சம் வுழும். மீன் வறுத்தா புகை பூரா சாமான் மேலதான் குந்தும்."

"அத்த சொல்றது கரெக்ட்டு. கதவு இல்லாத வூட்ல நம்மளுக்கு முன்னாடி பல்லி பால் காய்ச்சிடும்" என்றான் வினோத்குமார்.

"நீ கதவு விக்கறவன். வேற இன்னா சொல்லுவ?" என்று ஆல்வின் சிரித்தான். அவன் லோடு வண்டி ஓட்டுகிறவன். எந்தப் பக்கமும் சேராமல் வாசலில் நின்று வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜெனிஃபர் மட்டும் வேண்டாம் என்றாள். காரணத்தை ஒழுங்காக, ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னாள். அவள் வேலை பார்ப்பது ஒரகடம் பக்கத்தில் வண்டிக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி. அங்கே எந்த அலமாரிக்கும் கதவு கிடையாது. இருந்த கதவையும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு இடம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர்ச்சீட்டு. ஃபைவ் எஸ் என்று அதற்கு வாரம் ஒருநாள் வகுப்பே நடத்துகிறார்கள். மூடி வைத்தால்தான் குப்பை சேரும், திறந்து வைத்தால் தினமும் கை துடைக்கும் என்று அந்த வகுப்பில் சொன்னதை அவள் அடுப்பங்கரையில் நின்று சொன்னாள்.

"எது எங்க கீதுன்னு பாத்ததும் தெரியணும் அத்த. தேடிக்கினு இருக்க வோணாம் பாருங்க."

ஞானதாஸ் கல்லைத் தடவிப் பார்த்தார். அவருக்கு உள்ளூர அந்தக் கல்லை மூடுவதில் விருப்பமில்லை. "பொண்ணு சம்பாரிச்சி முடியற வூடு. அது சொல்ற மாரியே வுடு" என்றார்.

மலர்க்கொடி ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, "அப்ப சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மீன் உரசுவதற்காகக் கல்லையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

ஜெனிஃபர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சொன்னது பாதிதான். கம்பெனியில் கதவைக் கழற்றியது சுத்தத்துக்காக மட்டும் இல்லை. டப்பாவில் நிறைந்த அளவுக்குப் பச்சைக்கோடு ஒன்று, குறைந்த அளவுக்குச் சிவப்புக்கோடு ஒன்று போட்டிருப்பார்கள். சூப்பர்வைசர் நின்று யாரையும் கேட்க மாட்டார். நடந்துபோகிற நடையிலேயே எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போவார். ஜெனிஃபருக்கு அந்த மறுபாதிதான் வேண்டியிருந்தது.

விஷயம் வேர்க்கடலையும் வெல்லமும்தான். சொன்னால் வெட்கம். கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பார்கள். அவளுக்கு ரொம்பக் குறைவு என்று வந்தது. தினம் ஒரு பிடி கடலையும் ஒரு துண்டு வெல்லமும் சாப்பிடச் சொன்னார்கள். மாதம் பிறந்ததும் வாங்கி ஓலை வீட்டில் பரணில் இருந்த தகர டப்பாவில் போட்டு வைப்பாள். இருபது தேதிக்குள் டப்பாவின் அடி தெரிந்துவிடும். ஆல்வினுக்குக் கடலை பிடிக்காது. மாமனாருக்குக் கடிக்கப் பல் இல்லை. மாமியாருக்குச் சர்க்கரை. மாத்திரை கொடுத்த அன்றைக்கே ஜெனிஃபர் சீட்டைப் படித்துக் காட்டி, "வெல்லம் பக்கமே போகாதீங்க அத்த" என்று சொல்லியிருந்தாள். வீடே சேர்ந்து சொன்னது.

அப்படியென்றால் வேறு யார்? மானாம்பதியில் கட்டிக்கொடுத்திருக்கிற நாத்தனார் தமிழ்ச்செல்வி வாரம் தவறாமல் வருகிறாள். போகும்போது அவள் கட்டைப்பை உப்பியிருக்கிறது. மகள் வீட்டுக்கு வந்தால் வெறுங்கையோடு அனுப்பாத வழக்கம் ஜெனிஃபரின் அம்மா வீட்டிலும் உண்டுதான். அவளும் அப்படி வாங்கி வந்தவள்தான். இருந்தாலும் என் உடம்புக்கு என்று வாங்கியதை எடுத்துக் கொடுப்பார்களா என்ற நினைப்பு, விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வந்துவிடும். வாலாஜாபாத் தாண்டுகிற வரைக்கும் கூடவே வரும். கேட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தாள். ஒரு பிடி கடலைக்காக மாமியாரைக் கேள்வி கேட்டவள் என்ற பேர் வரும். அதற்குப் பயந்து கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி கிடைத்தபோது அதை விட மனமில்லை.

குடிபோன மறுநாள் காஞ்சிபுரத்திலிருந்து பன்னிரண்டு கண்ணாடி பாட்டில் வாங்கி வந்தாள். ஒரே அளவு, ஒரே மூடி. துவரம்பருப்பு, உளுந்து, கடுகு, மிளகாய்த்தூள், புளி என்று வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டினாள். கடலையும் வெல்லமும் நடுத்தட்டில், கண்ணுக்கு நேராக நின்றன. பெயர்ச்சீட்டின் மேல்விளிம்பு எங்கே வருகிறதோ அதுதான் அவள் மனசில் பச்சைக்கோடு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

காலனிப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள் வாசற்படியில் நின்றபடியே, "இன்னாடி இது, நாடார் கட மாரி கீது. எனக்கு கா கிலோ உளுந்து போடு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மலர்க்கொடியும் சிரித்தாள். ஆனால் அவள் அந்த அடுப்பங்கரையில் பழகுவதற்குக் கஷ்டப்பட்டாள் என்பது ஜெனிஃபருக்கும் தெரிந்தது. முப்பது வருஷம் தரையில் குந்தி, விறகை உள்ளே தள்ளித் தள்ளிச் சமைத்தவள். மேடை முன்னால் நின்று சமைக்கும்போது எங்கே கை வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பாட்டிலை எடுத்தால் இரண்டு கையாலும் எடுத்து, வைக்கும்போது சீட்டு முன்பக்கம் வருகிற மாதிரி திருப்பி வைப்பாள். யாரோ வீட்டுச் சாமானைத் தொடுகிறவள் மாதிரி இருக்கும்.

முதல் ஷிஃப்ட் முடிந்து ஜெனிஃபர் வீட்டுக்கு வரும்போது மூன்றரை மணி ஆகும். செருப்பைக் கழற்றுவாள், பையை மாட்டுவாள், தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்குள் போவாள். தலையைப் பின்னால் சாய்த்துச் சொம்பைத் தூக்கும்போதே கண் நடுத்தட்டுக்குப் போய்விடும். அவளாக நிறுத்த நினைத்த நாளிலும் போனது. வெல்லம் அவள் எடுத்த அளவுக்குத்தான் குறைந்திருந்தது. கடலையும் அப்படியே. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. இருபது தேதி வந்தது. பாட்டில் பாதிக்கு மேல் நின்றது.

அவள் நினைத்தது சரிதான் என்று ஆகிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிறு தமிழ்ச்செல்வி வந்தாள். தட்டுகளைப் பார்த்து, "அண்ணி, உங்க கம்பெனியவே வூட்டுக்குள்ள கொண்ணாந்துட்டீங்க" என்றாள். கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்பினாள். மலர்க்கொடி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தாள். கிளம்பும்போது தமிழ்ச்செல்வியின் கட்டைப்பை மடித்தபடியே அவள் அக்குளில் இருந்தது. ஜெனிஃபர் அதைக் கவனித்தாள். மனசுக்குள் ஒரு வெற்றி மாதிரி வந்தது. உடனே, ஒரு தாயையும் மகளையும் இப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்று கூசியது. அன்றைக்கு வெல்லத்தை எடுக்காமலே விட்டாள்.

அடுத்த வாரம் முழுக்கத் தூறல். பெருநகர் ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லை அள்ளுவதும் பரப்புவதுமாக ஜனங்கள் அல்லாடினார்கள். மலர்க்கொடி ஏரிக்கால்வாயில் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் ஆறரைக்குக் கஞ்சி குடித்து, மாத்திரை போட்டுக்கொண்டு போனால், மதியம் இரண்டு மணிக்குமேல்தான் சோறு. இரண்டு முறை டம்ளரைக் கை நழுவவிட்டாள். ஒருநாள் சாயங்காலம் முறத்தைப் பிடித்த கை வெடவெடவென்று ஆடியது. "ஈரக்காத்து" என்று சொல்லிக்கொண்டாள். ஜெனிஃபர் பார்த்தாள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டாள். போடுகிறேன் என்றாள். அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பு.

வியாழக்கிழமை கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது தாயாரம்மாள் குடையில்லாமல் ரோட்டில் நின்றிருந்தாள். கால்வாய் வேலையில் பதினொரு மணிக்கு மலர்க்கொடி மண்கூடையோடு சாய்ந்துவிட்டாளாம். வேர்வை ஆறாகப் பெருகி, கூப்பிட்டால் பதில் இல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாளாம். நூற்றெட்டு வந்து உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இப்போது கண் திறந்துவிட்டாளாம்.

"உனுக்கு போனு போட்டா எடுக்கலடி."

போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் லைனுக்குள் போக வேண்டும் என்று சொல்லக்கூட அவள் நிற்கவில்லை. அடுத்து வந்த உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறினாள்.

பெண்கள் வார்டில் வாசலை ஒட்டினாற்போல் இருந்த கடைசிக் கட்டில். வாசலருகே தூணுக்கு இந்தப்பக்கம் ஞானதாஸ் சிமெண்டு படிந்த கால்களோடு உட்கார்ந்திருந்தார். சர்க்கரை ஏறவில்லை, இறங்கிவிட்டதாம் என்று அவர் ஆச்சரியமாகச் சொன்னார். சர்க்கரை நோய்க்காரிக்குச் சர்க்கரை இறங்கும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத சங்கதி. ஜெனிஃபர் உள்ளே நுழையப் போனவள் நர்ஸின் குரல் கேட்டு நின்றாள்.

"முன்னாடி இந்த மாதிரி நடுக்கம் வந்ததில்லையாம்மா?"

"வரும்மா. தினிக்கும் பத்து பதினொண்ணுக்கு கை நடுங்கும், வேர்க்கும். துளி வெல்லம், நாலு கடல, முந்தில முடிஞ்சிக்கினு போவேன். வாயில போட்டா நின்னுடும்."

"அதைத்தான் செய்யணும். ஏன் விட்டீங்க? வீட்ல வெல்லம் இல்லையா?"

"ஐயோ, நெறைய கீதும்மா. மருமவ பாட்டில் பாட்டிலா வாங்கி வச்சிகீது." மலர்க்கொடியின் குரலில் பெருமைகூட இருந்தது. "அதுக்கு ஒடம்புல ரத்தம் கம்மி. அதுக்காவ வாங்கனது. கண்ணாடியா, கொறஞ்சா தெரியும். வேல வுட்டு வந்து தண்ணி குடிக்கறப்பவே அங்கதான் பாக்கும். பாவம், அதும் மொகம் வாடக்கூடாதுன்னு வுட்டுட்டேன். எனக்கும் வெல்லம் துன்னக்கூடாதுன்னு சொல்லிகீறாங்க."

ஜெனிஃபர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தாள். கையில் வாங்கி வந்த ரொட்டிப் பொட்டலம் இருந்தது. மாமனார் அவளைப் பார்த்து, "உள்ள போம்மா, உன்னத்தான் கேட்டுக்கினு இருந்தா" என்றார். அவரும் அதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

தமிழ்ச்செல்வி மானாம்பதியிலிருந்து தூக்குவாளியில் கேழ்வரகுக் கூழோடு வந்து சேர்ந்தாள். அம்மாவுக்கு ஊட்டிவிட்டு, வாளியைக் கழுவ வெளிக்குழாய்க்கு வந்தபோது ஜெனிஃபரிடம் மெல்லச் சொன்னாள்.

"எம்மேல கோவம் போலன்னு நெனச்சிக்கினு இருந்தேன் அண்ணி. எப்ப வந்தாலும் முருங்கக்கீர ரெண்டு கட்டு, பொறம்போக்கு மரத்துப் புளி, எதனா பையில திணிச்சி அனுப்பும். போன வாட்டி ஒண்ணியும் குடுக்கல. கீர வோணுமான்னு கூட கேக்கல. ஒடம்பு முடியாமதான் இருந்திருக்குது. எனக்கு அது தெரியல பாருங்க."

கீரை. அந்தப் பை உப்பியிருந்தது கீரையால். ஜெனிஃபர் குழாயைத் திறந்து, அழுக்கில்லாத கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். உன்னைத்தான் சந்தேகப்பட்டேன், உங்கள் அம்மா அது தெரிந்துதான் கீரையைக்கூடக் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட வேண்டும். தமிழ்ச்செல்வி மூக்கைச் சிந்திவிட்டு, "நீங்க இன்னா பண்ணுவீங்க அண்ணி, விடியறதுக்கு முன்னாடியே ஓடுறீங்க" என்றாள். அதோடு சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் மாத்திரையின் அளவைக் குறைத்து, வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், முந்தியில் இனிப்பு இல்லாமல் வெளியே போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்குச் சாயங்காலமே ஜெனிஃபர் வினோத்குமாருக்குப் போன் போட்டாள்.

அவன் வந்து, "நான் அன்னிக்கே தலபாடா அடிச்சிக்கினேன்" என்று சொல்லிக்கொண்டே அளவெடுத்தான். ஏன் திடீரென்று கதவு என்று ஆல்வின் கேட்டதற்கு, தூசி விழுகிறது என்றாள். அடுத்த வாரம் கதவு மாட்ட ட்ரில் மிஷின் தன் சுவரில் இறங்கும்போது ஞானதாஸ் எழுந்து வெளியே போனார். வெள்ளை நிறத்தில் ஐந்து ஜோடிக் கதவு. மூடினால் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஜெனிஃபர் இரண்டு கிலோ வெல்லமும் கடலையும் வாங்கி, எவர்சில்வர் டப்பா இரண்டில் போட்டுக் கீழ்த்தட்டில் வைத்தாள். மாமியாரை அழைத்துக் காட்டினாள். இது முழுக்க உங்களுக்கு, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

மலர்க்கொடி தலையாட்டினாள். "இப்ப எதுக்கும்மா இம்மாம் செலவு" என்றாள்.

திங்கட்கிழமை ஜெனிஃபர் வேலை விட்டு வந்தபோது பத்துக் கதவும் விரியத் திறந்து கிடந்தன. மறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒவ்வொன்றாக மூடினாள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. எவர்சில்வர் டப்பாக்கள் இரண்டும் மூடியில்லாமல், நடுத்தட்டில், பழைய பாட்டில்கள் நின்ற இடத்தில் நின்றன. உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது என்று கண்ணைத் திருப்பிக்கொண்டு மூடினாள். புதன்கிழமையும் திறந்திருந்தபோது அவளால் மூட முடியவில்லை.

மலர்க்கொடி அடுப்பங்கரைத் தரையில், காலை நீட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே தூறல் விட்டிருந்தது. முருங்கை மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"மூடி வைங்க அத்த. தூசி வுழுது."

"தொறந்தே கெடக்கட்டும்மா." முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "மூடி வச்சித் தொறந்து துன்னா, திருடித் துன்ற மாரி கீது."

ஜெனிஃபர் பையை இறக்கவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இதை எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள். எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"நான்தான் அத்த. அதுக்காவதான் கதவு வோணாம்னு சொன்னேன். யாரு எடுக்கறாங்கன்னு பாக்க. தமிழு எடுத்துக்கினு போவுதுன்னு நெனச்சிக்கினு... தினிக்கும் பாத்தேன்."

மலர்க்கொடி ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள். இன்னொன்றையும் போட்டாள்.

"தெரியும்மா" என்றாள். "நீ தண்ணி குடிக்கறப்ப தெரியும். அன்னிக்கு தமிழு பையப் பாத்தியே, அப்பவும் தெரியும்."

"இனிமே பாக்க மாட்டேன் அத்த. சத்தியமா."

"கண்ணு கீது, எப்டி பாக்காம இருப்ப? அது உன் சம்பாத்தியம். பாக்கத்தான் தோணும்." அந்தக் குரலில் கோபம் இல்லை. ராத்திரிக்கு எத்தனை ஆழாக்கு போடட்டும் என்று கேட்கிற குரல்தான். "நடுக்கம் வந்தா எடுக்காம இருக்கக்கூடாதுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. எடுத்துதான் ஆவணும். அதான் நானும் நெனச்சிக்கினே இருந்தேன். எவ்ளோ எடுத்தா உனுக்குக் கஷ்டமா இருக்காதுன்னு நீயே சொல்லிடு. அதுக்கு மேல எடுக்க மாட்டேன்."

"அத்த, அப்டி கேக்காதீங்க."

"இல்லம்மா. சொல்லிட்டா எனக்கும் நிம்மதி."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, தவிடு ஒட்டிய வலது கையைக் குழித்து நீட்டினாள். மண்கூடை பிடித்துப் பிடித்துத் தோல் தடித்த கை.

"கடல இம்மாம். சரியா?"

ஜெனிஃபர் அந்தக் கையைப் பார்த்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு தலையை அசைத்தாள். ஆமாம் என்று அசைத்தாளா, இல்லையென்று அசைத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மலர்க்கொடி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அதிகமாகக் கேட்டுவிட்டோம் என்று எண்ணினாளோ என்னவோ, விரல்களை இன்னும் கொஞ்சம் உள்ளே மடக்கிக்கொண்டாள்.

"இம்மாம்?"